நாலு பீஸ், ஒரே அழுகை

பியானோ கிரேடு தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. எதை வாசிப்பது என்று பாடத்திட்டமே சொல்லிவிடும். நான் ஐந்தாம் கிரேடோடு நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. போன ஆடியில் 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கி மேற்கு மாம்பலம் வீட்டு ஹாலில் போட்டபோது (ஆமாம், தள்ளுபடியில்தான்) முதலில் வந்து நின்ற கேள்வி அதுதான்: இனி எதைக் கற்பது?

பட்டியல் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காலகட்டத்துக்கு ஒன்று. பாக்கின் சி மேஜர் பிரிலூட் என்ற சின்னத் துண்டு (1722), பேத்தோவனின் மூன்லைட் சொனாட்டா முதல் பகுதி (1801), ஷோபினின் இ மைனர் பிரிலூட் (1839), சாட்டியின் முதல் ஜிம்னோபெடி (1888). காகிதத்தில் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை, அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, யாராவது தவறிட்டாங்களா?"

ஷோபின் வாசித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. 1849-இல் ஷோபினின் இறுதிச் சடங்கிலேயே ஆர்கனில் வாசித்த பிரிலூட் அது. அம்மாவின் காதில் கோளாறு இல்லை. ஆனால் அடுத்து அவள் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது: "நேத்து வாசிச்சதும் இதே மாதிரிதானே இருந்துச்சு?" நேற்று வாசித்தது மூன்லைட்.

அன்று ராத்திரி நாலு நோட்டையும் கட்டிலில் பரப்பிப் போட்டு, ஒவ்வொன்றிலும் இடது கைக்கு என்ன வேலை என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். ஷோபினில் கார்டுகளை (ஒன்றாக அமுக்கும் பல சுரங்களை) ஒரே சீராக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். சாட்டியில் கீழே ஒரு தாழ்ந்த சுரம், மேலே ஒரு கார்டு. மூன்லைட்டில் ஆக்டேவை (ஒரே சுரத்தின் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி இரண்டையும்) பிடித்துக்கொண்டு நிற்பது. பாக்கில் கார்டைப் பிரித்துப் போடும்போது முதல் இரண்டு சுரம் மட்டும். நாலிலும் அதற்கு வரிசையாக ஏறி இறங்கும் ஒரு ஸ்கேல் ஓட்டம் கிடையாது. இடது கை மெட்டு பாடுகிற இடம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வருஷக் கணக்கில் நூற்று அறுபத்தாறு வருடம் தாண்டியிருக்கிறேன், விரல்கள் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

சரி, இரண்டாவது பட்டியலைக் கைகளை வைத்துப் போட்டேன். ஷோபின் மட்டும் தங்கினார். மூன்லைட்டை நீக்க மனசு வரவில்லை, ஆனாலும் நீக்கினேன்.

ஓட்டத்துக்கு கிளெமென்டியின் சொனாட்டினா, ஓபஸ் (படைப்பு எண்) 36, முதலாவது. 1797-இல் வந்தது. சென்னையில் பியானோ கற்ற பாதிப் பேர் சின்ன வயதில் இதைத் தாண்டி வந்திருப்பார்கள். நானும்தான். அப்போது தப்புத் தப்பாகத் தாண்டினேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

தாளத்துக்கு பார்டோக்கின் மிக்ரோகாஸ்மோஸ். மொத்தம் 153 துண்டுகள், ஆறு தொகுதிகள். அதில் 113-ஆவது, பல்கேரியத் தாளத்தில் அமைந்தது. ஏழு எண்ணிக்கை என்றதும் "நமக்குத் தெரியாத மிஸ்ர சாபுவா" என்று தெனாவட்டாக உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே இடறியது. சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, மார்கழியில் சபா சபாவாக அலைகிறவர், தொடையில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ தகிட தகதிமின்னு போடற. அது தகதிமி தகிடன்னு போகுதும்மா." அதேதான். நம் சாபுவில் மூன்று முன்னால் வரும், இதில் கடைசியில் வருகிறது. ஏழு தெரிந்ததே எனக்கு இடைஞ்சலாகிவிட்டது! இப்போது வாயால் சொல்லிக்கொண்டே வாசிக்கிறேன். பக்கத்து வீட்டில் என்ன நினைக்கிறார்களோ.

களைத்துப்போன நாட்களுக்கு ஷூமனின் ஓபஸ் 68, 1848-இல் குழந்தைகளுக்காக எழுதிய 43 சின்னத் துண்டுகள். இரண்டு வாரத்துக்கு ஒன்று, மனப்பாடம் எல்லாம் இல்லை.

நேரத்தில் பாதியை விழுங்குவது பாக்தான். பிரிலூடுக்குப் பதிலாக சி மேஜர் இன்வென்ஷன், 15 இன்வென்ஷன்களில் முதலாவது. மொத்தமே 22 பார் (தாளக் கட்டங்கள்). வலது கை ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும்போதே, இடது கை ஒரு ஆக்டேவ் கீழே அதையே சொல்ல ஆரம்பிக்கிறது. இங்கே பக்கவாத்தியம் என்று யாரும் இல்லை, இரண்டு பேரும் பாடகர்கள். தனித்தனிக் கையாக ஒரு வாரத்தில் வந்துவிட்டது. சேர்க்க ஐந்து வாரம்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது 15-ஆவது பாரில். அங்கிருந்து 18 வரை ஒரு கை ஓடும், மற்றது ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்துக் காத்திருக்கும், பிறகு மாறிக்கொள்ளும். ஓடுகிற கையில் சிக்கல் இல்லை. சும்மா பிடித்திருக்க வேண்டிய சுண்டு விரல் எனக்குத் தெரியாமலே எழுந்துவிடுகிறது, சுரம் பாதியில் அறுந்துபோகிறது. அதனால் இந்த வாரம் அந்த நாலு பார் மட்டும், மெட்ரோனோம் 50-இல், அதாவது நிமிடத்துக்கு 50 தட்டு.