42 கேள்விகளுக்கு ஒரே பதில்

காரைக்குடியில் ஆய்வக மேசைகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தும் நான், ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் ஒப்பந்தப்புள்ளியில் தோற்றபோது, விலைதான் காரணம் என்று பல நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் விலைப்புள்ளியை அவர்கள் திறக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

தொழில்நுட்ப விவரங்களையும் விலையையும் தனித்தனியாகத் தரும் இரண்டு உறை முறையில், தொழில்நுட்பப் பகுதி தேறினால்தான் விலையைப் பார்ப்பார்கள். அதில் கேட்டிருந்த 42 விவரக்குறிப்புகளுக்கும் "ஏற்கிறோம்" என்ற ஒரே சொல்லை மேலிருந்து கீழ்வரை நிரப்பியிருந்தேன். சீர் சாமான் பட்டியலில் கரண்டியைக்கூட எண்ணி எழுதும் ஊரில் பிறந்தவன் செய்யும் காரியமா அது! இப்போது "மேற்பலகை கருங்கல், கனம் 18 மி.மீ., அமிலம் தாங்கும் சோதனைச் சான்று பக்கம் 11" என்று ஒவ்வொரு வரிக்கும் அளவையும் ஆதாரப் பக்கத்தையும் குறிக்கிறேன்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு, ஒப்பந்தப்புள்ளியோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டு. 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, மிகக் குறைந்த விலையைத் தந்தது குறு, சிறு நிறுவனம் அல்லாததாக இருந்து, நம் விலை அதைவிட 15 விழுக்காட்டுக்குள் கூடுதலாக இருந்தால், அவர்கள் விலைக்கே இறங்கிவந்து கொள்முதலில் ஒரு பங்கைப் பெறலாம். சான்றை இணைத்தால் மட்டும் போதாது. அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் தளத்தில் அச்சலுகையைக் கோரவும் வேண்டும்.

சென்ற மாதம் அனுப்பிய ஒப்பந்தப்புள்ளி தொழில்நுட்பச் சுற்றைத் தாண்டிவிட்டது. விலையைத் திங்கட்கிழமை திறக்கிறார்கள்.