பத்துப் பாகம்

அக்டோபர் 20, 2024, ஞாயிறு

முடிவாகிவிட்டது. ஜனவரி கடைசி வாரம் அந்தமான். ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது. 2018-ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், ஆனால் எங்கள் குழுவில் எல்லாருக்கும் அது ஹேவ்லாக்தான். ஆறு பேர் போகிறோம். இந்த ஆறு பேரில் யாரும் யாரையும் நேரில் பார்த்தது கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உவரியில் கடல் வற்றிக் கிடந்த ஒரு காலை நேரம், பாறைக் குழித் தண்ணீரில் கட்டைவிரல் நீளத்துக்கு நீல விளிம்போடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சங்கு, சிப்பி பார்க்கிறவர்கள் குழுவில் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் சிங்கப்பூரிலிருந்து ஓர் அக்கா, "ஓடு இல்லாத கடல் நத்தைம்மா அது, தொடாதீங்க" என்று எழுதினார். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த அக்கா, கோவை அண்ணன், மதுரை வக்கீல் மேடம், கோத்தகிரித் தங்கச்சி, பெங்களூர்த் தம்பி, நான். இவர்கள் பார்க்கும் நண்டும் நத்தையும் எனக்கு அத்துப்படி. ஆட்களைத்தான் தெரியாது.

கோவை அண்ணன் கேட்டார்: "உங்க ஊர்க் கடல் இருக்கறப்ப அந்தமான் எதுக்குங்க டீச்சர்?" நியாயமான கேள்வி. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்தவர்கள் நினைத்தபடி அந்தத் தீவுகளில் இறங்க முடியாது. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக வருஷக்கணக்கில் வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி. அந்தப் பெயர்களைக் குழுவில் தட்டச்சு செய்யும்போது மனசு கனத்தது. மிச்சம் இருப்பதையாவது மூடிக் காப்பாற்றுகிறார்களே, அதுவே பெரிது.

அக்டோபர் 27, ஞாயிறு

அக்கா வீடியோவில் வந்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். எங்களில் எண்பது தடவைக்கு மேல் இறங்கியவர் அவர் ஒருவர்தான். பெங்களூர்த் தம்பி ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலைப் பயிற்சி முடித்திருக்கிறான். மற்ற நாலு பேரும் புதுசு.

முதலில் கை ஜாடை. ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நல்லா இருக்கேன்'. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகணும்'. இந்த மூன்றாவதில்தான் புதுசாக வருகிறவர்கள் தவறுவார்களாம். ஆசிரியர் 'நல்லா இருக்கியா' என்று கேட்க, சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அவர் உடனே மேலே கூட்டிவந்துவிடுவார்.

"இன்னைக்கிலேருந்து குரூப்ல யாரும் அந்தக் கட்டைவிரல் படம் போடக் கூடாது. 'சரி'ன்னா வளையம்தான்" என்றார் அக்கா. கை பழகுமுன் மனசு பழகட்டும் என்கிறார். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் நான் ஏன் யோசிக்காமல் போனேன் என்று தோன்றியது.

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கு மனஸ்தாபம்.

பயணத் திட்டம் போட்டது தம்பி. 23-ம் தேதியிலிருந்து இறங்குகிறோம், 26-ம் தேதி காலையில் கடைசியாக ஒரு தடவை இறங்கிவிட்டு, மதியம் படகு பிடித்து, அன்றைக்கே விமானம். ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று எழுதியிருந்தான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆழத்தில் இருக்கும்போது அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து நிற்கிறது. மெதுவாக ஏறினால் மூச்சு வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வெளியேறி முடியுமுன் விமானத்தில் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. கடைசி முறை 25-ம் தேதி மதியத்தோடு முடியட்டும், 26 சும்மா இருப்போம், 27 காலை விமானம் என்று மாற்றிப் போட்டேன்.

"நான் போன தடவை அப்படித்தான் வந்தேன், ஒண்ணும் ஆகலை" என்றான். அக்காவும் எடுத்துச் சொன்னார். அவன் மறுபடியும் அதையே எழுதினான்.

நவம்பர் 5, செவ்வாய்

தம்பி பயணத்திலிருந்து விலகிக்கொண்டான். அட்வான்ஸாக வாங்கியிருந்த பணத்தை ஐந்து பேருக்கும் அன்றே அனுப்பிவிட்டான், ஒரு ரூபாய் குறையாமல். அதைப் பார்த்த பிறகு வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனாலும் தண்ணீருக்கடியில் 'மேலே போகணும்' என்று நான் ஜாடை காட்டினால், பக்கத்தில் இருக்கிறவர் ஏன் என்று கேட்காமல் கூட வர வேண்டும். அந்த இடத்தில் அவனை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி, "எங்க அப்பா சங்கு குளிச்சவங்க, வந்து பேசிப் பாருங்க" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் தூத்துக்குடி திரேஸ்புரம் போனேன்.

எழுபத்திநாலு வயது. வலது பக்கம் உட்காரச் சொன்னார். இடது காது கேட்காது. பதினெட்டு வயதில் ஒரு சீசனில் உடைந்ததாம். மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது, ரெண்டு நாள் படுத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் போய்விட்டேன் என்றார். அந்தக் காதின் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டே பேசுகிறார், இன்னும் கேட்கும் என்கிற மாதிரி.

1961-க்கு அப்புறம் இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அப்போது சின்னப் பையன். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு முத்து எடுப்பார்கள், அந்த வாடை இன்னும் மூக்கிலேயே இருக்கு என்றார். அவர் குளித்ததெல்லாம் சங்குதான். மணலில் சங்கு ஊர்ந்த தடம் கோடு மாதிரி தெரியும், அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு போய் எடுக்க வேண்டும்.

"நீங்க எம்புட்டு ஆழம் போவீங்க தாயி?"

"18 மீட்டர்ங்கய்யா."

இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், அப்படிக் கணக்குப் போட்டார். "பத்துப் பாகம். அது நல்ல ஆழம்லா. மூச்சு எப்படி அடக்குவிய?"

அடக்கவே கூடாதுங்கய்யா, அதுதான் முதல் விதி என்றேன். அவருக்கு அது பிடிபடவில்லை. நல்லவேளை, கைப்பையில் வகுப்புக்குக் கொண்டுபோகிற ஊசியில்லாத சிரிஞ்ச் இருந்தது. நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்தச் சொன்னேன். காப்புக் காய்த்த பெருவிரலால் பாதிவரை அழுத்தினார். விட்டதும் தண்டு பழைய இடத்துக்கு வந்து நின்றது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் தாங்காது. நீங்கள் மேலே இருந்தே காற்றை வாங்கிக்கொண்டு போனீர்கள், கீழே சுருங்கி மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் வரும், அதனால் அடக்கலாம், நாங்கள் கீழேயே காற்றை வாங்குகிறோம், அதனால் அடக்கக் கூடாது என்றேன். சிரிஞ்சை இன்னும் இரண்டு மூன்று தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

அப்புறம் அவராகவே சொன்னார். படகிலிருந்து குழாய் வழியே காற்று அனுப்புகிற கம்ப்ரஸர் வந்த பிறகு வாயில் டியூபை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கீழே கிடந்தார்கள், சடாரென்று ஏறினார்கள். "கூட இருந்தவன் ஒருத்தன் கரைக்கு வந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கும்போதே கால் விளங்காமப் போச்சு. ஏன்னு ஒருத்தரும் சொல்லித் தரலையே தாயி." அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. நைட்ரஜன் கணக்கு அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கு நடந்திருப்பார்.

கிளம்பும்போது, "ஒரு தடவை போனா எவ்வளவு நேரம் கீழ இருப்பிய?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் வரை என்றேன்.

"முக்கால் மணியா! அப்போ சுத்திப் பாக்கலாம்லா" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

உடல்நிலைப் படிவம் வந்தது. ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இதய நோய், சர்க்கரை, காது ஆபரேஷன், 45 வயதுக்கு மேல் என்றால் புகைப்பழக்கம் என்று வரிசையாகக் கேள்வி. ஒன்றுக்காவது 'ஆம்' வந்து அது கவனிக்க வேண்டியதாக இருந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்குக் கோத்தகிரித் தங்கச்சி தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, சின்ன வயசுல இருந்து எனக்கு வீசிங் உண்டு. பனி நாள்ல இப்பவும் இன்ஹேலர் எடுப்பேன். 'இல்லை'ன்னு போட்டுடட்டுமா? மூணு வருஷமா இதுக்குத்தான் காசு சேர்த்தேன்."

போடாதே என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. மூச்சுக்குழாய் சுருங்கினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஏறும்போது அதுதான் விரியும். திரேஸ்புரத்துச் சிரிஞ்சைத்தான் அவளுக்கும் சொன்னேன். அழுதாள். முதலில் நுரையீரல் டாக்டரைப் பார், அவர் என்ன சொன்னாலும் நீ எங்களோடு வருகிறாய் என்றேன். அந்த வார்த்தையை மற்றவர்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், ஆனால் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

விடாத மழை. ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டது. நாளை மறுநாள் எல்லாரும் பாளையங்கோட்டைக்கு வந்து சந்திப்பதாக இருந்தது. வேண்டாம், 29-ம் தேதி பார்ப்போம் என்று எழுதிவிட்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

வந்துவிட்டார்கள்! அக்கா சிங்கப்பூரில், அதனால் வீடியோவில். மற்ற மூன்று பேரும் நேரில். மதுரை மேடம் படத்தில் பார்த்ததைவிட ரொம்பக் குள்ளம். கோவை அண்ணன் குரல் பெரிது என்று நினைத்திருந்தேன், மெதுவாகப் பேசுகிற மனிதர். தங்கச்சி ஒரு பை நிறைய வர்க்கி கொண்டுவந்தாள். அம்மா எல்லாருக்கும் இடியாப்பமும் சொதியும் வைத்தாள். தங்கச்சி தன் வீசிங் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் தானே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஒருவரும் முகம் மாறவில்லை. மேடம் மட்டும், "நல்லவேளை சொன்னடி" என்று அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினார்.

பிறகு நீச்சல்குளம். ஓப்பன் வாட்டர் பயிற்சியில் 200 மீட்டர் நீந்த வேண்டும், எதையும் பிடிக்காமல் பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். நீந்துவது எல்லாருக்கும் வந்தது. மிதப்பது கோவை அண்ணனுக்கு வரவில்லை. கால் கீழே போகிறது, உடனே கழுத்தைத் தூக்குகிறார், முழுசாக அமிழ்கிறார். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் தாத்தா எனக்குச் சொல்லித் தந்த விதத்திலேயே அவருக்குச் சொன்னேன். முதுகுக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்தேன். "வயித்தை மேலே தள்ளுங்க அண்ணே. காது ரெண்டும் தண்ணிக்குள்ள போகட்டும். ஆகாசத்தை மட்டும் பாருங்க." ஏழெட்டுத் தடவை ஆனது. ஒரு கட்டத்தில் அவர் உடம்பு இளகுவது விரலிலேயே தெரிந்தது. விரலை எடுத்தேன். அவருக்குத் தெரியாது. நாலு நிமிஷம் கிடந்தார்.

ஐம்பத்திரண்டு வயது மனிதர், முன்பின் பார்த்திராத ஒருத்தி கையை நம்பித் தலையைத் தண்ணீரில் சாய்த்தார். இந்த ஒரு நாளுக்காகவே வெள்ளத்துக்குப் பிறகும் விடாமல் தேதி குறித்தேன்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

தங்கச்சியை டாக்டர் ஊதச் சொல்லிச் சோதனை செய்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: சிலிண்டர் வேண்டாம். மேல்மட்டத்தில் முகமூடியும் குழாயும் வைத்து மிதந்து பார்க்கலாம், அதுவும் ஆள் துணையோடு. தங்கச்சி இரண்டு நாள் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதினாள்: "வரேன். டிக்கெட்டை மாத்த வேண்டாம்."

ஜோடி பிரித்தாயிற்று. அக்காவும் மேடமும். நானும் கோவை அண்ணனும். எங்களோடு ஆசிரியர் இருப்பார், இருந்தாலும் ஒருவர் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று மற்றவருக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

நெல்லை எக்ஸ்பிரஸில் இருந்து எழுதுகிறேன். நாளை சென்னையில் எல்லாரும் சேர்ந்து போர்ட் பிளேர் விமானம். அது ஸ்ரீ விஜயபுரம் ஆகி நாலு மாதம் ஆகிறது, வாயில் இன்னும் வரவில்லை. சளி பிடிக்கவில்லை, காது சுத்தமாக இருக்கிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிப் பார்த்தேன், இரண்டு காதும் 'டப்' என்று திறக்கிறது. திரேஸ்புரத்து ஐயாவுக்குச் சாயங்காலமே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

எதிர் சீட்டில் ஒரு பாட்டி, "தனியாவா போற?" என்று கேட்டார். இல்லை பாட்டி, ஆள் இருக்காங்க என்றேன்.

கோத்தகிரித் தங்கச்சி இப்போதுதான் ஒரு படம் அனுப்பினாள். புதுசாக ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். படகில் அவள்தான் கணக்கு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எங்கள் நாலு பேர் பெயரையும் எழுதிவிட்டாள். பக்கத்தில் இரண்டு கட்டம், இறங்கிய நேரம், ஏறிய நேரம். இரண்டும் காலியாக இருக்கின்றன.