பையன் எந்த வீட்டில் படுக்கிறான்?

தருமபுரியில் ஜீவனாம்ச வழக்குகள் பார்க்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் வருவதால், ‘நூத்தி இருபத்தஞ்சு கேஸ்’ என்றுதான் இங்கே இன்றைக்கும் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 144-வது பிரிவு ஆகிவிட்டது. உத்தரவான தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கும் பழைய 127, இப்போது 146. அந்த 127 சம்பந்தமாக நான் செய்த ஒரு தவறு இன்னும் மனதை அறுக்கிறது.

பாலக்கோடு பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் என் கட்சிக்காரர். மனைவிக்கு 4,000, பையனுக்கு 3,000 என்று மாதாமாதம் கட்ட உத்தரவு. 2023 ஜூனில் அந்தம்மாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஷிப்ட் வேலை, தங்குவது ஹாஸ்டலில். பையனை நாலாம் வகுப்புக்கு அப்பா ஊரிலேயே சேர்த்துவிட்டுப் போனார். நான் வாய்தாவுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது டிரைவர் வராந்தாவில் மறித்துக் கேட்டார்: “பையன் எங்கிட்டதான் இருக்கான் மேடம். அவனுக்குண்டான பணத்தைக் கட்டணுமா?”

“அதை மட்டும் நிறுத்திக்கங்க அண்ணா. மனு அப்புறம் போட்டுக்கலாம்” என்றேன்.

அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. பிள்ளை இடம் மாறியதும் உத்தரவு தானாக மாறிவிடாது. ‘சூழ்நிலை மாறிவிட்டது’ என்று மனுப் போட்டு, அதை நிரூபித்து, நீதிபதி மாற்றும்வரை பழைய தொகைதான் கடன். பதினோரு மாதம் கழித்து டிரைவருக்குப் பாக்கி மனு வந்தது. 33,000 ரூபாய். கட்டாவிட்டால் வாரண்ட், அதற்குமேல் ஜெயில் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. “நீங்க சொல்லித்தானே மேடம் நிறுத்தினேன்” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. எனக்குப் பதில் வரவில்லை.

சரி, பையன் அப்பாவிடம்தான் இருந்தான் என்றாவது நிரூபிப்போம் என்று ரேங்க் கார்டைக் கொண்டுவரச் சொன்னேன். காலாண்டுக்கு அப்பாவின் கையெழுத்து. அரையாண்டுக்கும் அவருடையதுதான். மூன்றாவது கட்டத்தில் கையெழுத்து இல்லை, நீல மையில் ஒரு கைநாட்டு. ஓரத்தில் மை இழுபட்டிருந்தது.

“இது யாருது அண்ணா?”

“அவங்க ஆயாவுது. பொங்கலுக்கப்புறம் எனக்கு வடக்க லோடு ஜாஸ்தி. பையன் அங்கதான் இருந்தான்.”

அம்மாவைப் பெற்ற ஆயா. காரிமங்கலம் பக்கம் நாலைந்து ஆடு வைத்திருந்தவர். அதிலொன்றை விற்றுத்தான் பள்ளிக்கூட வேன் காசு கட்டியதாகப் பிறகு தெரிந்தது. அந்தம்மா ஓசூரிலிருந்து முடிந்ததை அனுப்பியிருக்கிறார். பையனுக்கென்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்த 3,000 மட்டும் அந்த வீட்டுக்குப் போகவேயில்லை. நிறுத்தச் சொன்னவள் நான்.

எதிர்த்தரப்பு வக்கீலோடு உட்கார்ந்து பேசினோம். அப்பா வைத்திருந்த மாதங்களை அந்தம்மா விட்டுக்கொடுத்தார். ஆயா வைத்திருந்த நான்கு மாதத்துக்கு 12,000-ஐ டிரைவர் கட்டினார். பையன் யாரிடம் இருக்கிறானோ அந்த வீட்டுக்கே அவன் பங்கு போகும்படி தொகையை மாற்றக் கேட்டு மனுவும் போட்டோம். மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று முதல் உத்தரவிலேயே பிரித்து எழுதியிருந்ததால்தான் இது சுலபமாக முடிந்தது. மொத்தமாக ஒரே தொகை போட்ட உத்தரவுகளில் எது யாருடையது என்பதற்கே பல வாய்தா போய்விடும். அதனால் இப்போது ஒவ்வொரு மனுவிலும் பிரித்தே கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் இடம் மாறுவது அபூர்வமல்ல. ஓசூர் கம்பெனி, பெங்களூரு கட்டட வேலை, திருப்பூர் என்று பெற்றவர்கள் போகப் போகப் பிள்ளைகளும் கைமாறுவார்கள். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கிறோம். சம்பளச் சீட்டைத் துருவுகிற அளவுக்கு, பிள்ளை ராத்திரி எங்கே படுக்கிறான், காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. நான் இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்கும் பெண்களை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடுகிறேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே இலவசம், வருமானம் பார்ப்பதில்லை.

பள்ளி திறக்கும் ஜூனிலும் பொங்கல் முடிந்தும் பழைய கட்சிக்காரர்களுக்கு ஒரு சுற்று போன் போடுவது வழக்கமாகிவிட்டது. 2025 ஜூனில் டிரைவருக்கும் போட்டேன். லாரிச் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

“பையன் ஓசூர்லயே ஆறாவது சேந்துட்டான் மேடம். அவங்கம்மா தனியா வீடு எடுத்துட்டாங்க.”

“எந்தத் தேதியிலிருந்து அண்ணா?” என்று கேட்டுப் பேனாவை எடுத்தேன்.