செயலி கேட்ட சந்தோசம்

"சந்தோசமான நினைவு ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள்" என்று போன் கேட்டதும் எனக்கு வந்தது 2009க்கு முந்தைய எங்கள் முற்றம். அம்மா இருந்தா, அண்ணா இருந்தான். அதோடு அவர்கள் இப்போது இல்லை என்பதும் வந்துவிட்டது. தொடங்கும்போது மனநிலைக்கு ஐந்து புள்ளி போட்டவள், முடித்ததும் இரண்டு போட்டேன். மூன்று நாளும் இதே கதைதான்.

மனச்சோர்வுக்கு மருந்தோடு சேர்த்து கிளினிக்கில் சொல்லித் தந்த பயிற்சி இது. செயலியைப் போனில் ஏற்றுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. செய்யச் செய்ய மனநிலை இன்னும் மோசமாகிறதே, கேட்போம் என்று புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறினேன். அவசரத்தில் கிளினிக் கொப்பியை விட்டுவிட்டேன். துண்டு எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொப்பி இல்லாமல் ஏலாது. போனில் பிரச்சினை எண்டால் போன் கடைக்குப் போங்கோ." வரிசையில் அத்தனை பேருக்கும் கேட்டது. அன்றைய கூலியும் போய், பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினேன். கொப்பியை முதல் நாளே பையில் வைத்துவிடுங்கள்.

அடுத்த கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி இருத்திவைத்துக் கேட்டா. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நினைவு பெரும்பாலும் மொத்தமாகத்தான் வருமாம், "அந்தக் காலம் நல்லா இருந்தது" என்கிற மாதிரி. அப்படி வந்தால் மனம் உடனே இன்றோடு ஒப்பிடத் தொடங்கிவிடும். "தங்கச்சி, கிட்டடியில் நடந்த சின்ன விசயம் ஒண்டை எடுங்கோ. ஒரு நாள், ஒரு இடம். கையில என்ன இருந்தது, என்ன மணம், அதை மட்டும் பாருங்கோ."

சரி என்று, ஒட்டுசுட்டான் காட்டோரம் மகளோடு பாலைப்பழம் பொறுக்கிய காலையை எடுத்தேன். அவளுடைய உதடு பழத்தின் பாலில் ஒட்டிக்கொண்டு வாய் திறக்க முடியாமல் நின்றது, சட்டை மடியில் மஞ்சள் பழங்கள். அன்றுதான் முதல்முறை புள்ளி ஏறியது.

இன்னொன்று, நேரம். செயலி மாலையில் மணி அடிக்கும். செவ்வாய் மாலை நுண்கடன்காரர் வருகிற நேரம். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது. அந்த நிலையில் எந்த நினைவைக் கூப்பிட்டாலும் வராது. மணியை விடியற்காலைக்கு மாற்றினேன். உங்களுக்கும் அழுத்தம் கூடுகிற நேரம் எது என்று பார்த்து மாற்றுங்கள். இதை நம்பி மருந்தை நிறுத்தவேண்டாம். சாகவேண்டும் போல வந்தால் செயலியைத் திறக்காமல் இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.

போன செவ்வாய், கடன் கட்டிவிட்டு வந்த பிறகும் மனநிலைக்கு நான்கு போட்டேன். முந்தைய செவ்வாய்களில் எல்லாம் ஒரு புள்ளிதான்.