சின்ன வீட்டுக்குப் பழைய மேசை

லண்டனில் சின்ன ஃப்ளாட் பிடித்துக் குடிவரும் நண்பர்கள் முதல் காரியமாக ஒரு பெரிய காஃபி டேபிளை வாங்கி ஹாலின் நடுவில் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காசுக்கு ஏலத்தில் நூற்றைம்பது, இருநூறு வருடப் பழசாக ஒரு குட்டி மேசையே கிடைக்கும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டு ஆங்கில வீடுகளில் வரவேற்பறையின் நடு பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். மேசை நாற்காலி எல்லாம் சுவரோரம். தேநீர் நேரம் வந்தால்தான் வேலையாள் தூக்கிவந்து போடுவார். டில்ட்-டாப் முக்காலி மேசை இந்தப் பழக்கத்துக்கென்றே செய்தது: நடுவில் ஒரு தூண், கீழே வளைந்த மூன்று கால், மேலே வட்டப் பலகை. வேலை முடிந்ததும் அடியிலுள்ள பித்தளைத் தாழை விடுவித்தால் பலகை செங்குத்தாக நிமிர்ந்துவிடும், மூலையில் ஒதுக்கி வைத்துவிடலாம். மூன்றே கால் என்பதால் மேடுபள்ளத் தரையிலும் ஆடாது. 1721இல் தன் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு பிரிட்டன் இறக்குமதி வரியை நீக்கியதும் ஜமைக்கா மஹோகனி வந்து குவிந்தது. அகலமான மரம் என்பதால் மேல்பலகையை ஒரே துண்டில் அறுக்க முடிந்தது.

எனக்குப் பிடித்தது பெம்புரோக் என்ற மடக்கு மேசை. ஒரு இழுப்பறை, இருபக்கமும் தொங்கும் பலகைகள். பலகையைத் தூக்கினால் அடியிலிருந்து சின்ன மரக்கை விரிந்து தாங்கிக்கொள்ளும். அன்று காலை உணவுக்கு, இன்று எனக்கு லேப்டாப்புக்கு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நான்கு மேசைகளும் உண்டு, மரச்சாமான் வடிவமைப்பாளர் ஷெரட்டன் 1803இல் போட்ட மரச்சாமான் அகராதியிலேயே அதற்கு இடமிருக்கிறது. விருந்தாளி வந்தால் ஆளுக்கொன்று.

வாங்கப் போனால் மேற்பக்கப் பளபளப்பில் மயங்காமல் கவிழ்த்துப் பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்காகத்தான் சுருங்கும், அதனால் உண்மையிலேயே பழைய வட்டப் பலகை டேப் வைத்து அளந்தால் ரேகைக்குக் குறுக்கே உள்ள விட்டம் சில மில்லிமீட்டராவது குறையும். அடியில் சம்பந்தமில்லாத திருகாணி ஓட்டைகள் தெரிந்தால் பலகை ஒரு மேசையினுடையது, கால் வேறொன்றினுடையது என்று சந்தேகப்படலாம். அப்படி ஒட்டவைத்ததும் டீ வைக்க உதவும்தான், ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள்.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கம் வைத்தால் பலகை வெடிக்கும். சூடான கப்பை நேரே வைத்தால் பாலிஷில் வெள்ளை வளையம் விழும். ஏலத்தில் கை தூக்குமுன், நீங்கள் கேட்கும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் வரும் என்பதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.