ஆச்சிக்கு நான் பாக்கி, எனக்கு வேன்காரர் பாக்கி

பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் ஒரு சந்துக்குள் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். இடம் வாடகைக்கு. அம்பாசமுத்திரத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அதில் ஸ்கூல் வேன் ஓட்டும் ஒருவர் குடும்பத்தோடு குடியிருக்கிறார். அவர் எனக்கு மாதம் 4,500 தருவார். அதோடு என் கையிலிருந்து இன்னொரு 4,500 போட்டு, கடைக்குச் சொந்தக்கார ஆச்சிக்கு 9,000 கொடுப்பேன். ஆச்சிக்குப் பென்ஷன் கிடையாது. என் வாடகையும், பின்கட்டில் ஒரு சின்னக் குடித்தனத்தின் வாடகையும்தான் அவருக்குச் சோறும் மாத்திரையும். அம்பையில் பிள்ளைகள் வேன் ஏறினால்தான் பாளையங்கோட்டையில் ஆச்சிக்கு சர்க்கரை மாத்திரை என்று இருந்திருக்கிறது. 2020 மார்ச் வரை எனக்கு அது உறைத்ததே இல்லை.

பங்குனி எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவியும். சிவகாசியிலிருந்து கார்டு கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தது. மார்ச் 24 சாயங்காலம் கொரோனாவுக்காக 144 போட்டார்கள், மறுநாள் நாடே பூட்டியாகிவிட்டது. வைகாசிக் கல்யாணம் ஒன்றுக்கு 600 பத்திரிகை அடித்து முடித்து, மஞ்சள் தடவ வேண்டியதுதான் பாக்கி என்று கடையில் கிடந்தது. அந்தக் கல்யாணம் வீட்டு முற்றத்திலேயே நடந்து முடிந்தது. பத்திரிகையை எடுக்க யாரும் வரவில்லை, மீதிப் பணமும் வரவில்லை. பத்தமடையில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து கல்யாணப் பாய் போடுவார்கள். பெயர் நெய்த பாயும் தேதி போட்ட பத்திரிகையும் ஒரே ஜாதி, வேறு ஆளுக்கு விற்க முடியாது. அட்வான்ஸ் கொடுத்த நாலைந்து பேர் திருப்பிக் கேட்டார்கள். பாதியைக் கொடுத்தேன், பாதிக்கு வாய்தா சொன்னேன்.

மார்ச் வாடகையை ஏப்ரல் 5-க்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆச்சியைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. காய்கறி வாங்கப் போகும்போது ஆச்சி வீட்டு வாசலைத் தாண்டாமல் இரண்டு தெரு சுற்றிப் போனேன். ஐம்பது வயது ஆள், முகக்கவசத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம், அம்பை வேன்காரர் என் போனை எடுக்கவில்லை. தினம் இரண்டு தடவை அடிப்பேன். மணி போகும், எடுக்க மாட்டார். "இல்லைன்னாக்கூட இல்லைன்னு சொல்லணும்லா, அது என்ன பழக்கம்?" என்று வீட்டில் கத்தினேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க ஆச்சிகிட்ட சொல்லிட்டியளா?" என்றாள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, கேட்டு வெளியேற்றினால் நடவடிக்கை என்று. அதைப் பேப்பரில் பார்த்ததும் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆச்சி வீட்டு ஆள் யாராவது மறித்தால் காட்டலாம் என்று. அது வெளியூரிலிருந்து வந்து கூலி வேலை பார்க்கிறவர்களையும் மற்றத் தொழிலாளர்களையும் நினைத்துப் போட்ட உத்தரவு. கடை வைத்திருக்கிறவனுக்கு அதில் இடமில்லை என்று வாசிக்கும்போதே தெரிந்தது. இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வேன்காரரிடமிருந்து ஒரு செய்தி. போனை எடுக்காதவர் அனுப்பியிருந்தது அதே உத்தரவு, சிவப்பு எழுத்தில், மூன்று ஆச்சரியக்குறியோடு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்பா கட்டிய வீட்டில் இருந்துகொண்டு எனக்கே சட்டம் சொல்கிறானா என்று சட்டைப்பையில் கையை விட்டால், விரலில் அந்தப் பேப்பர் துண்டு.

அதற்குப் பிறகும் ஆச்சி வீட்டுக்குப் போக எனக்கு மே பாதி வரை ஆனது. சும்மா போகக் கூடாது என்று ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு போனேன்: கையில் இருக்கும் பணம், வர வேண்டிய பாக்கி, ஜூனில் கடை திறந்தால் எவ்வளவு வரும். ஆச்சி வாசல் நடையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "ஏய்யா, ரெண்டு மாசமா அந்தத் தெரு வழியா போறியே, இந்தத் தெருவுல நாய் கடிக்குதா?" என்றார். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான் யோசித்து வைத்திருந்த வழி, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது. 2014-இல் ஒரு லட்சம் கொடுத்திருந்தேன். பதினொரு மாத வாடகைக்குத் தாங்குமே! சொன்னதும் ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பணம் எங்கிட்ட இல்லய்யா. பேத்தி நர்ஸ் படிப்புக்குக் கட்டிட்டேன்" என்றார். வாடகைக்கு விடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நிலைமை இதுதான். அட்வான்ஸ் என்பது அவர்கள் கையில் இருக்கும் பணம் இல்லை, எப்போதோ செலவாகிப் போன பணம். நான் காலி செய்கிறேன் என்றால் திருப்பித் தர அவரிடம் இல்லை. காலி செய்யச் சொல்லவும் அவரால் முடியாது. இது இரண்டு பேருக்கும் புரிந்தது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் பேச்சு சுலபமாயிற்று.

ஆச்சி என் தாளைப் பார்க்கவே இல்லை. "மாசக் கணக்கு வேண்டாம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எவ்வளவு தருவ, அதச் சொல்லு" என்றார். மருந்துக் கடையில் அவர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வாங்குகிறார். மாதக் கடைசியில் தருகிறேன் என்ற 9,000-த்தை விட சனிக்கிழமை கையில் விழும் ஆயிரம்தான் அவருக்கு உபயோகம். பேசி முடித்தது இப்படி: கடை முழுக்கப் பூட்டிக் கிடந்த ஏப்ரல் மாத வாடகை அவருக்கு வேண்டாம். மார்ச் வாடகை 9,000 பாக்கியில் நிற்கும். மே முதல் செப்டம்பர் வரை பாதி வாடகை, சனிக்கிழமை தோறும் 1,000, மாதக் கடைசியில் ஒரு 500. கொடுக்காத பாதி பாக்கியில் சேரும். அக்டோபரிலிருந்து முழு வாடகையோடு பாக்கிக்கு 1,500. நாற்பது பக்க நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நான் கையெழுத்துப் போட்டேன். ஆச்சி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். நோட்டு அவரிடம், போட்டோ என் போனில்.

ஜூன் மாதம் பைக்கில் அம்பைக்குக் கிளம்பினேன். முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று அந்த வழியில் இவ்வளவு குறைவாகப் பஸ் ஓடி நான் பார்த்ததே இல்லை. வண்டி ஓட்டும்போது, ஆச்சி என்னிடம் பேசிய மாதிரி நான் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் வீட்டு முன்னால் நின்ற மஞ்சள் வேனைப் பார்த்ததும் முதலில் வாயில் வந்தது, "போன எடுக்க என்ன கேடு?" என்பதுதான்.

அவர் தலையைக் குனிந்து நின்றார். அவர் மனைவி பீடி சுற்றுகிறவர். சுளகு சுவரில் சாத்திக் கிடந்தது. ஊரடங்கில் பீடிக் கடையும் இலை போடவில்லை. இரண்டு வருமானமும் ஒரே நாளில் நின்றிருக்கிறது. ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 1,000, அந்த அம்மா ஜன்தன் கணக்கில் மாதாமாதம் விழுந்த 500, அவ்வளவுதான் வந்த காசு. "அண்ணாச்சி, எடுத்தா என்ன சொல்லுவேன்? தாரேன்னு பொய் சொல்லணும், இல்ல அழணும்" என்றார். இரண்டு தெரு சுற்றிப் போன எனக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

வேன் கடனைப் பற்றி நிம்மதியாக இருந்தார். தவணையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். ரிசர்வ் வங்கி மார்ச் 27-இல் மூன்று மாதத்துக்கும், பிறகு ஆகஸ்ட் வரைக்கும் அனுமதித்தது தள்ளிவைப்புதான். அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று கூடத் தோன்றியது. ஆனால் அந்தப் பயத்தில்தான் அடுத்த மாதமே வேனில் சீட்டைக் கழற்றிவிட்டு, பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி எடுத்து அம்பைத் தெருக்களில் விற்க ஆரம்பித்தார்.

அவருக்கு நான் ஆச்சி போட்ட கணக்கைப் போடவில்லை. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாத வாடகையை விட்டுவிட்டேன். ஜூனிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கும் வரை 2,000. மீதி 2,500 பாக்கியில் ஏறாது. மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை அவரே மாற்றித் தர வேண்டும், ஓடு என் செலவு. வீட்டில் இதற்குப் பெரிய சண்டை. "ஆச்சி நமக்கு விட்டது ஒரு மாசம், நீங்க மூணு மாசம் விடுதியளோ?" என்றாள் மனைவி. தர்மம் எல்லாம் இல்லை. என் கடைக்கு நாளைக்கே வேலை வரலாம், பாக்கியை அடைப்பேன். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று யாருக்குமே தெரியாது. அடைக்க முடியாத பாக்கியை ஒருவர் தலையில் ஏற்றினால் ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அந்த வருஷத்தில் ஓட்டு வீட்டுக்கு யார் வருவார்? பக்கத்து வீடு பூட்டியே கிடந்து கதவு நிலை முழுக்கக் கரையான்.

நடுவில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சட்டத்தையும் சொன்னார். வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகள் பற்றி 2017-இல் தமிழ்நாடு போட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் பதிய வேண்டும். இரண்டு மாதம் பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம். ஆனால் எந்தச் சண்டையிலும் தண்ணீரையோ கரண்டையோ வெட்டக் கூடாது. என் ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்குப் போட்டது, 2018-லேயே காலாவதி. வேன்காரருக்கு அதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். சரி, எங்களுக்கு நாற்பது பக்க நோட்டே சட்டம் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் ஒழுங்காக ஓடியது என்று சொல்ல முடியாது. செப்டம்பரில் இரண்டு சனிக்கிழமை தவறினேன். ஆச்சியின் மகன் வெளியூரிலிருந்து போன் போட்டு, 12,000 தர ஆள் இருக்கிறது, காலி செய்யுங்கள் என்றார். ஆச்சியிடம் ஓடினேன். "அவன் அட்வான்ஸ் ஒரு லட்சத்தக் குடுத்துட்டுப் பேசட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

கடையில் வேலை வேறு மாதிரி வந்தது. 'முகக்கவசம் இல்லாமல் உள்ளே வராதீர்' ஸ்டிக்கர் நிறைய அடித்தேன். ஐம்பது பேர் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பத்திரிகை, ஒன்றுக்கு 300 ரூபாய். 2021 மே மாதம் இரண்டாவது தடவை கடையைப் பூட்டினோம். அப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்து கொடுத்த வேலை முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலி. போட்டோவைப் பெரிதாக்கும்போது தெரிந்த முகங்கள் வரும். நான் பத்திரிகை அடித்துக் கொடுத்த மாப்பிள்ளை ஒருவரும் அதில் உண்டு. அந்தக் காசிலும் ஆச்சிக்குப் பாதி வாடகை கொடுத்தேன். கடை பூட்டிக் கிடந்த இரண்டு மாதமும் பாக்கித் தவணை நிறுத்தம் என்று ஆச்சியே நோட்டில் எழுதிவிட்டார். இந்தத் தடவை நான் தெரு சுற்றிப் போகவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. டிசம்பரிலிருந்து வேன்காரர் பழையபடி 4,500 தர ஆரம்பித்தார். என் பாக்கி இரண்டாவது ஊரடங்கோடு சேர்த்து மொத்தம் 40,500 வந்து நின்றது. கடைசி 1,500-ஐ 2023 பிப்ரவரியில் கொடுத்தேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்து, எல்லாப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். கண் கலங்குவாரோ என்று பார்த்தேன்.

"சரிய்யா, கணக்கு முடிஞ்சுது. அடுத்த மாசத்துலருந்து ஆயிரம் கூட்டிக் குடு. வரி ஏத்திட்டாங்கல்லா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்பைக்குப் போன் போட்டேன். ஒரு ஐந்நூறாவது கூட்டிக் கேட்கலாம் என்று. மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.