கபடிக்காரரின் முழங்காலும் ஒரு கேஸ் கட்டும்

எங்கள் பக்கத்துக் கபடிப் போட்டி நோட்டீஸ்களின் அடியில், பொடி எழுத்தில் இரண்டு வரிகள் தவறாமல் இருக்கும். ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது.’ ‘ஆட்டத்தில் ஏற்படும் காயங்களுக்கு விழாக் குழு பொறுப்பல்ல, முதலுதவி மட்டும் செய்யப்படும்.’ திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருச் சுவர்களில் ஒட்டிய இந்த நோட்டீஸ்களைப் படித்து வளர்ந்தவன் நான். எந்த எடைப் பிரிவு, எந்த ஊர் அணிகள் வருகின்றன, முதல் பரிசு யார் உபயம் என்பதோடு அப்போது என் வாசிப்பு முடிந்துவிடும். திருச்சியில் சட்டம் படிக்கச் சேர்ந்து, தீங்கியல் சட்ட (ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்பது பற்றிய சட்டம்) வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் கடைசி வரியின் பின்னால் பழைய கோட்பாடு ஒன்று நிற்பது தெரிந்தது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட ஆபத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்கிறது அது. களத்துக்குள், ஆட்டத்தின் போக்கில் விழும் அடிக்கு அந்தச் சம்மதம் பொருந்தும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் லாரி மோதினால் பொருந்தாது. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்திருந்தேன். தஞ்சாவூரில் ஒரு கேஸ் கட்டில்தான் அதன் கனம் புரிந்தது.

கல்லூரி விடுமுறைகளில் தஞ்சாவூரில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சிக்குப் போகிறேன். அவருடைய அலுவலகத்தில் பெரும்பாலும் மோட்டார் வாகன விபத்து வழக்குகள். விபத்து இழப்பீட்டு மனு என்பதைக் குறிக்கும் ‘எம்.சி.ஓ.பி.’ என்று மேலே எழுதிய கட்டுகள் மேசையிலும் தரையிலும் அடுக்கிக் கிடக்கும். வாய்தா தேதி குறிப்பது, மருத்துவப் பில்களைத் தேதிவாரியாகத் தைப்பது, முதல் விசாரணைக்கான பிரமாண வாக்குமூலத்தின் நகலைச் சரிபார்ப்பது ஆகியவை என் வேலை. அப்படித் தைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டில் மனுதாரரின் புகைப்படத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டேன். குடமுருட்டிக் கரை ஊர் ஒன்றின் ரைடர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர். வயது 22. அவர் பாடிப் போகும்போது எங்கள் ஊர் மைதானத்தில் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காயும்போது எங்கள் பகுதியில் மின்னொளிக் கபடி தொடங்கும். மண்ணைக் கொத்திச் சலித்து, தண்ணீர் தெளித்துக் களம் அமைப்பார்கள். ஆட்டம் விடிய விடிய நடக்கும். அப்படி ஒரு போட்டி முடிந்து அதிகாலையில் அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது, பின்னாலிருந்து வந்த லாரி மோதியிருக்கிறது. இடது முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை நடந்தது, நடக்கிறார். மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் ஊனம் 15 சதவீதம் என்று இருந்தது.

லாரியின் காப்பீட்டு நிறுவனம் தாக்கல் செய்த எதிருரையைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. மனுதாரர் கபடி ஆடுபவர். முழங்கால் காயம் விளையாட்டில் ஏற்பட்ட பழைய காயம். விபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதியிருந்தார்கள். அதாவது அவருடைய ஆட்டமே அவருக்கு எதிரான சாட்சி. “சார், இது பொய். அன்றைக்கு ராத்திரி இறுதி ஆட்டத்தை நான் பார்த்தேன்” என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “தம்பி, நீ பார்த்தாய். நீதிபதி பார்க்கவில்லையே. உனக்குத் தெரிந்தது அவருக்கு எப்படித் தெரியவரும், அதை யோசி” என்றார்.

மைதானத்தில் நிற்கும் ஐந்நூறு பேருக்கும் தெரிந்த ஓர் உண்மை நீதிமன்றப் படியேறும்போது காகிதமாகவோ ஆளாகவோ வர வேண்டும். ரசிகனாக நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் இந்த இடத்தில்தான் பயன்பட்டது. அந்தப் போட்டியைப் படம்பிடித்து நேரலையாகப் போட்ட இளைஞர் யார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் மூலப் பதிவு இருந்தது. கடைசி நிமிடத்துக்கு முன் ஒரு ரைடு. எதிரணியில் இடது ஓரத்தில் நிற்கும் கார்னர்காரர் குனிந்து கணுக்காலைப் பிடிக்க வருகிறார். நம் ஆள் இடது காலை ஊன்றி அப்படியே திரும்பி, பிடிக்க வந்த கைக்கு மேலே எழும்பி, நடுக்கோட்டை விரல் நுனியால் தொடுகிறார். உடல் எடை முழுவதும் அந்த இடது முழங்காலில் இறங்கி எழுகிறது. பதிவில் நேரமும் இருந்தது. அதற்கும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டுக்கும் இடையில் சில மணி நேரம்தான்.

வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்: எந்தக் கருவியில் பதிவானது, யார் பொறுப்பில் இருந்தது, ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) என்ன, நிபுணர் கையெழுத்து. பழைய சட்டத்தில் 65பி என்று இருந்தது. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. விபத்துத் தீர்ப்பாயத்தில் சுருக்கமான விசாரணைதான், சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி முழுக்கப் பொருந்தாது. ஆனாலும் சார் ஒரு படியும் குறைக்க விடவில்லை. படம்பிடித்த இளைஞரைக் கூண்டில் ஏற்றி, பதிவைச் சான்றாவணமாகக் குறியீடு செய்தோம். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அந்த ரைடைத் திரையில் பார்த்துவிட்டு, தசைநார் அறுந்த முழங்காலோடு இப்படித் திரும்பிப் பாய்வது சாத்தியமில்லை என்று சாட்சியம் சொன்னார். பழைய காயம் என்ற வாதம் அதோடு எழுந்திருக்கவில்லை.

வருமானத்தை நிரூபிப்பது அதைவிடக் கடினமாக இருந்தது.

அறுவடைக் காலத்தில் அவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவார். ஒரு மூட்டை 40 கிலோ. மற்ற நாட்களில் கிடைத்த கூலி வேலை. தை முதல் கோடை வரை கபடி. முதல் பரிசுத் தொகை வந்தால் வேன் வாடகை, சாப்பாடு போக மீதி அணியில் எல்லோருக்கும் பிரியும். நல்ல ரைடரை வேறு ஊர் அணி தங்களுக்காக ஆடக் கூப்பிட்டால் அந்த ஆட்டத்துக்குத் தனியாகக் கையில் பணம் தருவார்கள். எதற்கும் ரசீது கிடையாது. “பரிசுப் பணத்தை எத்தனை பேர் பங்கிட்டீர்கள்? வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தீர்களா? முப்பது வயதுக்கு மேல் கபடி ஆட முடியுமா?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசிக் கேள்விக்கு மட்டும் எங்களிடம் உடனடி பதில் இருந்தது. தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி புரோ கபடிப் பட்டம் வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். எங்கள் சாட்சியான உடற்கல்வி ஆசிரியர் இதை நிமிர்ந்து நின்று சொன்னபோது, பார்வையாளர் பெஞ்சில் இருந்த ஊர்க்காரர்கள் கைதட்டப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

ஊனச் சான்றிதழின் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பின் சதவீதமாக எடுக்கக் கூடாது என்பது 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. இடது கை போன ஒருவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. அரசு எழுத்தராக இருந்தால் வேலை போகாமல் இருக்கலாம். ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில் பார்க்க வேண்டும். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தத் தீர்ப்பில் தச்சர் இருந்த இடத்தில் ஒரு ரைடரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடமாடும் ஆளுக்கு 15 சதவீதமாக இருப்பது ரைடருக்கு நூறு சதவீதம். 40 கிலோ மூட்டையோடு பலகையேறும் சுமைக்காரருக்கும் பாதிக்குக் குறையாது.

தீர்ப்பு வந்தது. சுமைத் தொழிலாளிக்கான மாத வருமானத்தை எடுத்துக்கொண்டு, உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க 22 வயதுக்குரிய 18 என்ற பெருக்கெண்ணைப் பயன்படுத்தி, செயல்திறன் இழப்பைச் சான்றிதழில் உள்ளதைவிட உயர்த்திக் கணக்கிட்டிருந்தார்கள். நல்ல தீர்ப்புதான். அந்தக் குடும்பத்தின் கடன் அடையும். அவருடைய அம்மா அலுவலகத்துக்கு வந்து, “நீங்கள் அந்தப் படத்தைத் தேடிப் பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் தம்பி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் கபடி எந்தத் தலைப்பில் வந்தது என்று பார்த்தேன். வருமானத்தில் இல்லை. வாழ்க்கையின் இன்பங்களை இழந்ததற்கான தொகையில் வந்திருந்தது. மனுதாரர் ஆர்வமுள்ள கபடி வீரர், இனி அந்த மகிழ்ச்சி அவருக்கு இல்லை என்று ஒரு வாக்கியம், கூடவே ஒரு மொத்தத் தொகை. இதை நான் ஏற்கவில்லை. மாலையில் பூங்காவில் பூப்பந்து ஆடுகிறவருக்கு ஆட்டம் இன்பம். முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவில் ஆடிச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்கு அது வேலைக்குப் போகும் வழி. காவல் துறை, ரயில்வே, வங்கி, பல்கலைக்கழக இடம் என்று கபடியால் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் இந்த டெல்டாவில் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதே, ஆட்டத்தை அரசு பிழைப்பாகப் பார்க்கிறது என்பதற்குச் சான்று.

வகுப்பில் விளையாட்டும் சட்டமும் என்றாலே கிரிக்கெட் வாரியம்தான். ஒளிபரப்பு உரிமைக்காக 1995, வாரியம் அரசின் அங்கமா என்ற கேள்விக்காக 2005, ஐ.பி.எல். விவகாரத்துக்காக 2015. உச்ச நீதிமன்றத்தின் இந்த மூன்று தீர்ப்புகளையும் ஆர்வத்தோடு படித்தேன். சென்னை அணி இரண்டு ஆண்டு தடைபட்டதை மறக்கக்கூடிய ரசிகன் தமிழ்நாட்டில் உண்டா? கபடிக்கு வந்தால், இந்தியக் கபடிக் கூட்டமைப்பின் நிர்வாகத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் கலைத்து நிர்வாகியை நியமித்தது. சர்வதேசப் போட்டிக்கு அனுப்புங்கள் என்று வீராங்கனைகள் இருவர் உச்ச நீதிமன்றம் போய், 2025 பிப்ரவரியில் பொறுப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்திடம் மாறியது. இந்த வழக்குகள் எல்லாம் ஆட்டத்தை யார் நடத்துவது என்பதைப் பற்றியவை. ஆடுபவரின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை நான் சந்தித்தது தஞ்சாவூரில், ஒரு முழங்காலை வைத்து.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யப் போகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 173-ஆவது பிரிவில் 90 நாள் அவகாசம். மேல்முறையீட்டுக் காரணங்களில் கபடி வருமானம் பற்றிய பத்தியை எழுதும் பொறுப்பைச் சார் என்னிடம் கொடுத்திருக்கிறார். ராஜ்குமார் தீர்ப்பு இருக்கிறது. காய்கறி விற்றவருக்கு எந்தக் காகிதமும் இல்லாதபோதும் மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொண்ட 2014-ஆம் ஆண்டின் சையது சாதிக் தீர்ப்பும் இருக்கிறது. காய்கறிக்காரருக்கு ரசீது தேவைப்படவில்லை என்றால் கபடிக்காரரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் என் பத்தியின் முதல் வாக்கியம்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி நடத்தும் விழாக் குழுக்களைப் பார்த்துப் பேசுகிறேன். பரிசுத் தொகையைக் கொடுக்கும்போது அணியின் பெயர், ஆடியவர்கள் பெயர், தொகை, தேதி எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுங்கள் என்று கேட்கிறேன். திருவையாறு பக்கம் ஒரு குழுவினர் ரசீதுப் புத்தகமே அச்சடித்துவிட்டார்கள். நோட்டீஸின் அடியில் மூன்றாவது வரியாக, ‘ஆடிய அனைவருக்கும் சான்று வழங்கப்படும்’ என்று சேர்த்திருக்கிறார்கள். வேறு ஊர்க் குழுவினர் யாராவது இதைப் படித்தால், மாதிரிப் படிவம் எழுதித் தர நான் தயார்.